நாலு மணி ஊசி

சித்தி,

இன்றைக்கு வேதியியல் ஆய்வகத்தில் ஒரு புட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அதில் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் ‘வாலை வடிநீர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை முழங்கையால் இடித்து, “ஏட்டி, கொலு பொம்மை மாதிரி நிக்க? ஊத்து, மணி அடிச்சிரப் போகுது” என்றாள். ஊற்றினேன். உப்பு கரைந்தது. ‘நிறமற்ற கரைசல்’ என்று நோட்டில் எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

நான் பிளஸ் ஒன் சேர்ந்தது உங்களுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அறிவியலில் தொண்ணூற்றாறு. அந்தத் தாளில் வாலை வடிநீர் தயாரிக்கும் முறையைப் படம் வரைந்து விளக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்திருந்தது. நன்றாக எழுதினேன். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் உங்களைக் கடைசிப் பதினோரு நாள் வலியில் கொண்டுபோய்த் தள்ளினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு இது பாதிதான் தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில், பரீட்சை முடிந்த மறுநாளே உங்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அம்மாவுக்கு அலுவலகத்தில் லீவு தீர்ந்துபோயிருந்தது. அப்பாவுக்குக் கொற்கைப் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில் இருப்பார். “இவ ரெண்டு மாசம் சும்மாதான இருக்கப் போறா” என்று பகல் துணைக்கு என்னை அனுப்பினார்கள். ராத்திரித் துணைக்கு அம்மா வருவாள். டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ். மடியில் கஞ்சித் தூக்கு, பிளாஸ்க், ஒரு புத்தகம். ஆற்றுப்பாலம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்ப்பேன், நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காக.

“இன்னைக்கு ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது?”

“முழங்கால் அளவு சித்தி.”

“உன் முழங்காலா, என் முழங்காலா? சரியாச் சொல்லு.”

அந்த வார்டில் எட்டுக் கட்டில்கள். எட்டிலும் பெண்கள். எல்லாருக்கும் ஒரே நோய், இடம்தான் வேறு வேறு. உங்களுக்கு மார்பில் தொடங்கி இடுப்பெலும்பு வரைக்கும் வந்திருந்தது. அந்த நோயின் பெயரை அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். ‘கட்டி’ என்பார்கள், ‘அந்த வியாதி’ என்பார்கள். ஒருநாள் நீங்கள்தான் எல்லாருக்கும் கேட்கும்படி, “ஊர்ல இருக்க புத்துக்கு முட்டையும் பாலும் ஊத்துதாங்க. என் புத்துக்கு மட்டும் அரிசிக் கஞ்சியா?” என்றீர்கள். எதிர்க்கட்டிலில் இருந்த கங்கைகொண்டான் அக்கா சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்வராணி சிஸ்டரை உங்களுக்கு முதல் நாளே பிடித்துப்போனது. அவருக்கு ஊர் திசையன்விளை. நீங்கள் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் மேசையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள். மாவட்டத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊரின் லைன் எப்படி இரையும் என்று சொல்வீர்கள்.

“திசையன்விளையா? உங்க ஊர் லைன் என்னைக்குமே கரகரதான் சிஸ்டர்.”

“லைன் மேல பழியப் போடாதிய. எங்க ஆளுக பேசுததே அப்படித்தான். தேரிக்காட்டுச் செம்மணலு தொண்டையில கிடக்கும்லா.”

அதற்குப் பிறகு அவர் உங்கள் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் நீங்கள் கையைக் காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ திசையன்விளை, கேக்குதா?” என்பீர்கள். “கேக்கு, கேக்கு. பில்லு ஏறுது, சீக்கிரம் பேசுங்க” என்பார் அவர்.

அவருடைய வேலையை நான் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். படிக்கக் கொண்டுபோன புத்தகத்தில் நாற்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொல்லமாட்டார். மூன்று வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டிலேயே உடம்பு இறுகிவிடும் என்பார். அதனால் ஏதாவது கேள்வி கேட்பார். “தூத்துக்குடி லைன்ல ஒரு அண்ணாச்சி தினம் சண்டை போடுவார்னு சொன்னியள்லா, அவர் பேரு என்ன?” நீங்கள் யோசித்துப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பீர்கள். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வந்திருக்கும்.

புண் கட்டுவது காலை பத்து மணிக்கு. முதல் நாள் கட்டைப் பிரித்ததும் வந்த வாடைக்கு நான் தாவணி முனையால் மூக்கைப் பொத்திவிட்டேன். நீங்கள் பார்த்தீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிஸ்டர் பார்த்தார். வேலை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டார்.

“மூக்கைப் பொத்தாத. மூச்சையும் பிடிக்காத. படுத்துக் கிடக்கவங்க நம்ம மூஞ்சியத்தான் கண்ணாடியா வச்சுத் தன்னைப் பாக்காங்க.”

“நீங்க மட்டும் எப்படி சிஸ்டர்?”

“நான் பேசிக்கிட்டே செய்வேன். பேசணும்னா மூச்சு விட்டுத்தான ஆகணும்? இவ நம்ம பக்கத்துல மூச்சு விடுதா அப்படின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்.”

அன்றிலிருந்து கவனித்தேன். அவர் முகமூடி கட்டுவதில்லை. கட்டைப் பிரிக்கும் நேரத்தில்தான் அதிகமாகப் பேசுவார். தேரிக்காட்டுப் பனை, மாமியார், சர்ச் பாடகர் குழுவில் தனக்கு இடம் கிடைக்காதது, எல்லாம் அப்போதுதான். வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கிற மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நுணுக்கிப் புண்ணில் தூவுவார். வாடை பாதியாகக் குறையும். கூட வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் எப்போதோ சொல்லிக்கொடுத்ததாம். மருந்து அலமாரியில் இல்லாதவற்றைக்கொண்டுதான் அவர் பாதி வேலையைச் செய்தார்.

அலமாரியில் இல்லாதவற்றில் பெரியது, உங்கள் வலிக்கு உரிய மருந்து. அபினிலிருந்து எடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறதென்றும், அதற்குத் தனி உரிமம் வேண்டுமென்றும், அது இந்த ஆஸ்பத்திரியில் கிடையாதென்றும் டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. இருந்த ஊசியைக் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று போட்டார்கள். ராத்திரிக்கு இன்னொன்று, கூடவே தூக்க மாத்திரை. அதற்கு மேல் போட்டால் மூச்சு அடங்கிவிடும் என்றார்கள். பன்னிரண்டு மணி ஊசி மூன்றரை வரைக்கும் தாங்கும். மூன்றரைக்கு நீங்கள் கட்டில் கம்பியைப் பிடிப்பீர்கள். நாலுக்கு விரல் முட்டிகள் வெளுத்துவிடும். பேசமாட்டீர்கள். பேசிக்கொண்டே இருக்கிற நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கும்.

அப்போதுதான் செல்வராணி சிஸ்டர் வருவார். கையில் தட்டு. அதில் பஞ்சு, ஸ்பிரிட், சிரிஞ்சு, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உங்கள் கண்ணுக்கு முன்னால் குப்பியின் கழுத்தை அறுத்து ஒடிப்பார். மருந்தை உறிஞ்சுவார். காற்றை வெளியேற்றுவார். கையைத் துடைத்து ஊசியை இறக்கி, பிறகு அந்த இடத்தைப் பைய, ரொம்பப் பைய, வட்டமாகத் தடவிக்கொண்டே ஸ்டூலில் உட்காருவார். “இந்தா, இப்பக் கேக்கும் பாருங்க. பத்து எண்ணுததுக்குள்ள கேக்கும்.” உங்கள் விரல்கள் கம்பியை ஒவ்வொன்றாக விடும். கண் மூடும். நான் கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் தூங்குவீர்கள், ஆறு மணி ஊசியை எட்டிப்பிடிக்கிற வரைக்கும்.

நான் எதையும் வாசிக்காமல் விடுகிற பெண் இல்லை. கடலை சுற்றி வந்த தாளையும் வாசிப்பேன், பஸ்ஸில் எழுதியிருப்பதையும் வாசிப்பேன். அதற்காக நீங்களே என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். வைகாசி பிறந்த பிறகு ஒரு நாள், சிஸ்டர் அவசரமாக எதிர்க்கட்டிலுக்குப் போனபோது தட்டை உங்கள் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார். ஒடிந்த குப்பி அதில் கிடந்தது. கண்ணாடியில் பொடி எழுத்து. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். ‘ஸ்டெரைல் வாட்டர் ஃபார் இஞ்செக்‌ஷன்.’ இரண்டு தடவை வாசித்தேன். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. நீங்கள் வாயைக் கொஞ்சம் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

நேராக சிஸ்டரிடம் போய் குப்பியை நீட்டினேன். வராந்தாவில் அழுக்குத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். குப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வாசிச்சிட்டியா?”

“இது தண்ணி சிஸ்டர்.”

“தண்ணிதான். டாக்டருக்குத் தெரியும். ஆறு மணி வரைக்கும் அடுத்த மருந்து போட முடியாது. அந்த ரெண்டு மணி நேரம் உங்க சித்தி முன்னால வெறுங்கையோட போய் எப்படி நிக்கச் சொல்லுத?”

“தண்ணி எப்படி வலியக் குறைக்கும்?”

“அது எனக்குத் தெரியாது. படிக்கப் போறவ நீ, கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லு. நான் குப்பியை ஒடிக்கேன், ஊசி போடுதேன், தடவுதேன், பக்கத்துல உக்காருதேன். இதுல எதுக்கு வலி கேக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேக்கு. நீயே பாத்தியா இல்லையா?”

அவர் மூட்டையின் முடிச்சை இழுத்துவிட்டு, “அவங்ககிட்ட வாயத் திறந்துராத தாயி. இது ஒண்ணுதான் என் கையில இருக்கு” என்றார்.

சரி என்று தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சித்தி, இதுதான் உங்களுக்குத் தெரியாத பாதி. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு வருத்தம் மட்டும் இல்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது. டாக்டருக்கும் சிஸ்டருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று எனக்கும் தெரியும். நானே வாசித்துக் கண்டுபிடித்தேன். தேர்வில் யாரும் எழுதாத விடையை எழுதிவிட்டு வருகிற மாதிரி இருந்தது. ஆற்றுப்பாலத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க மறந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் நாலு மணியானால் வெந்நீர் வாங்குகிறேன் என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். மூன்றாம் நாள் காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்.

“ஏளா, நாலு மணியானா எங்கன ஓடுத?”

“வெந்நீருக்கு.”

“பிளாஸ்க் நிறைய வெந்நீர் இருக்கும்போதா?”

நான் கரண்டியைக் கஞ்சிக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அந்த ஊசியில என்ன இருக்குட்டி?”

“வலி மருந்து சித்தி.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“வலி மருந்து.”

உங்கள் காதைப் பற்றி எனக்குத் தெரியாதா? ‘அவர் ஊர்ல இல்லம்மா’ என்று போனில் சொல்லும்போதே பக்கத்தில் அந்த ஆள் மூச்சு விடுவது உங்களுக்குக் கேட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே. பன்னிரண்டு வருஷம் முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டவர்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, லைனில் காது கொடுக்கிற மாதிரித் தலையைச் சாய்த்தீர்கள்.

“உன் குரல் மேல ஏறுது. என்னமோ இருக்கு. என்கிட்ட மறைக்காத. எல்லாரும் மறைக்காங்க. நீ ஒருத்தியாவது மறைக்காம இரு.”

அந்த வார்த்தைக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை. பொய் சொல்லக்கூடாது என்பதற்காகச் சொன்னேனா, நீங்கள் கேட்டதற்காகச் சொன்னேனா, எனக்குத் தெரியும் என்று காட்டுவதற்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. எதற்காகவோ, சொன்னேன். அதிலும் வெறுமனே தண்ணீர் என்று சொல்லவில்லை. சரியாகச் சொல்லவேண்டும் என்று, பாடத்தில் இருக்கிற சொல்லைச் சொன்னேன்.

“அது வாலை வடிநீர் சித்தி. ஆவியாக்கிக் குளிர வச்ச சுத்தமான தண்ணி. ஊசி மருந்தைக் கரைக்கிறதுக்கு வச்சிருப்பாங்க. தனியாப் போட்டா ஒண்ணும் செய்யாது.”

நீங்கள் கஞ்சிக் கரண்டியைக் கையால் விலக்கினீர்கள். பிறகு, “வாலை வடிநீர்!” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தீர்கள். “எவ்வளவு அழகான தமிழ்ட்டி. டிரங்க் கால்ல சொன்னா ஒருத்தனுக்கும் புரியாது.” சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சித்திக்கு அறிவு இருக்கிறது, உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அந்த வயசில், இப்போதும் கிட்டத்தட்ட அதே வயசுதான், உண்மை என்றால் நல்லது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நாலு மணிக்கு நான் ஓடவில்லை. சிஸ்டர் வந்தார். குப்பியை ஒடித்தார். நீங்கள் கையை நீட்டினீர்கள். “ஹலோ திசையன்விளை” என்றுகூடச் சொன்னீர்கள். ஊசி இறங்கியது. சிஸ்டர் தடவினார். “பத்து எண்ணுததுக்குள்ள கேக்கும் பாருங்க.” நீங்கள் கண்ணை மூடினீர்கள். கம்பியிலிருந்து கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டீர்கள். தூங்குகிற மாதிரி மூச்சை நீளமாக விட்டீர்கள்.

கால்மாட்டில் நின்ற எனக்குத்தான் போர்வையின் கீழ்ப்பக்கம் தெரிந்தது. உங்கள் கால்விரல்கள் பத்தும் உள்ளே சுருண்டு, பாதம் வில்லாக வளைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே முகம் தூங்கியது. கீழே கால் அழுதது.

என் பார்வை போன இடத்தை சிஸ்டரும் பார்த்தார். தடவுவதை நிறுத்தவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு என்னை வராந்தாவுக்கு வரச்சொல்லித் தலையசைத்தார்.

“சொல்லிட்டியா?”

“ம்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒன்றும் விற்காமல் திரும்புகிற கூடைக்காரி மாதிரி இருந்தது.

“சரி,” என்றார். “இனிமே நாலு மணிக்கு நீ ஓடக்கூடாது. கால்மாட்டுல நின்னு அந்தப் பாதத்தைப் பிடி. சுருண்ட விரல ஒவ்வொண்ணா நிமித்து. அது மருந்து இல்ல. ஆனா நீ பாத்துக்கிட்டாவது நிக்கணும்.”

அன்று சாயங்காலமே அவர் டாக்டரிடம் போய்ப் பேசினார். நேரத்தை முன்னால் இழுக்க முடியுமா, அளவைக் கூட்ட முடியுமா என்று கேட்டார். கொஞ்சம் கூட்டினார்கள். ஆனால் நோயும் கூடிக்கொண்டிருந்தது. எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. வலி கேட்காமல் போனது நாலு மணி ஊசிக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டு மணி ஊசியையும் நீங்கள் சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள். குப்பியைப் பார்த்தீர்கள், சிஸ்டரின் கையைப் பார்த்தீர்கள். முன்பு மூன்றரை வரைக்கும் தாங்கியது இரண்டு மணிக்கே விட்டது. நான் ஒரு குப்பியைத்தான் வாசித்தேன். எல்லாக் குப்பியும் தண்ணீராகிவிட்டது.

நாலு நாள் கழித்து, வலி கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு நேரத்தில் உங்களிடம் கேட்டேன். “தண்ணின்னு தெரிஞ்சும் ஏன் சித்தி கையை நீட்டுதிய? தூங்குத மாதிரி ஏன் நடிக்கிய?”

“அந்தப் பிள்ளை பாவம்லா,” என்றீர்கள். “வேற என்ன இருக்கு அதுகிட்ட? நான் வேண்டாம்னு சொன்னா, நாளைக்கு எதைத் தூக்கிட்டு என் முன்னால வரும்?”

ஆக, அவர் உங்களுக்காக ஊசி போட்டார். நீங்கள் அவருக்காகத் தூங்கினீர்கள். இரண்டு பேருக்கும் மற்றவர் செய்வது தெரியும் என்பதுதான் என் எண்ணம். அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அதைக் கடைசி நாள் வரைக்கும் விடாமல் செய்தீர்கள். கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். ஒரு விரலை நிமிர்த்தினால் இன்னொன்று சுருளும். பத்தையும் ஒரே நேரத்தில் நிமிர்த்த எனக்கு ஒருநாளும் முடியவில்லை.

நான் சொன்னதிலிருந்து பதினோராவது நாள் காலையில், கட்டு மாற்றுகிற நேரத்துக்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அம்மா அப்போதுதான் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தாள். செல்வராணி சிஸ்டர் ஒரு சட்டி வெந்நீர் கொண்டுவந்து உங்கள் உடம்பைத் துடைத்தார். புண்ணுக்குப் புதுக் கட்டுப் போட்டார். இனி யாருக்கு என்று நான் நினைத்தேன். அப்போதும் அவர் உங்களிடம் பேசிக்கொண்டேதான் செய்தார். “இந்தா முடிஞ்சிட்டு. கையை மட்டும் இங்கன வைங்க. அவ்வளவுதான்.” மூச்சு விட்டுக்கொண்டே.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த மறுநாள், மிச்சமிருந்த பஞ்சு, சிரிஞ்சு, பிரிக்காத மருந்துகளை வேறு யாருக்காவது உதவட்டும் என்று அம்மா ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போய்ச் சேரும்போது மணி நாலு. வானம் மூட்டமாக இருந்தது. மலைப்பக்கம் சாரல் தொடங்கியிருந்தது, ஆற்றில் தண்ணீர் நிறம் மாறிப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தார். முப்பது வயசுகூட இருக்காது. பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை. சிஸ்டர் குப்பியை ஒடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். எந்தக் குப்பி என்று அவ்வளவு தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, “ஏ பிள்ள, நீ இங்கன முன்னாடி இருந்தவங்க வீடா? அவங்களுக்கும் இதே ஊசிதான் போட்டாங்களா? கேட்டுதா?” என்றார்.

சிஸ்டர் திரும்பவில்லை. சிரிஞ்சைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“இதேதான்க்கா,” என்றேன். “எங்க சித்திக்கு நல்லாக் கேட்டுது. போட்டதும் தூங்கிருவாங்க.”

தடுமாறவில்லை. குரல் சாதாரணமாக வந்தது. அந்தப் பெண் கையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கால்மாட்டைப் பார்த்தேன். விரல்கள் தளர்ந்து கிடந்தன. சிஸ்டர் பையை வாங்கிக்கொண்டு, “மழை வருது, பஸ்ஸப் பிடிச்சுப் போ” என்றார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. நான் படி இறங்கி வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதேன். என்னால் முடியும் என்று தெரிந்ததற்காக அழுதேன். ஒரு மாசத்துக்கு முன்னால் இதே வாயால் உங்களிடம் இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது.

எங்கள் வகுப்பில் டாக்டர் ஆகவேண்டும், நர்ஸ் ஆகவேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதவில்லை. அந்த வேலைக்கு எதை வாசிக்கவேண்டும் என்பதைவிட எதை வாசித்தும் வாசிக்காததுபோல நிற்கவேண்டும் என்பது தெரிய வேண்டும். அது எனக்கு ஒரு உயிருக்குப் பிந்தித்தான் வந்தது.

அம்மா மாசத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுகிறாள். பெரும்பாலும் சாப்பிடும்போது. நீங்கள் இருந்தவரைக்கும் அம்மா அலுவலகம் முடித்து, ஞாயிறென்றால் வீட்டு வேலை முடித்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஆறரை ஆகிவிடும். அதற்குள் ஆறு மணி ஊசி போட்டு நீங்கள் தூங்கியிருப்பீர்கள். ராத்திரியும் மாத்திரைத் தூக்கம். உங்கள் பகலை அம்மா பார்த்ததே இல்லை.

“நான் வரும்போதெல்லாம் அவ தூங்கிட்டுத்தான் இருந்தா,” என்பாள். “பகல்ல எப்படிட்டி இருந்தா? வலி தெரியாமத்தான போனா?”

“ஆமாம்மா,” என்பேன். “நாலு மணிக்குன்னு சிஸ்டர் ஒரு ஊசி போடுவாங்க. அது நல்லாக் கேக்கும்.”

அம்மாவுக்கு உங்கள் காது கிடையாது சித்தி. ஒவ்வொரு தடவையும் நம்பிவிடுகிறாள். “அதுவாவது கிடைச்சுதே அவளுக்கு” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்குவாள். நான் அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.